நாலு சிவப்புக் குச்சி

நாங்கள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி லேபில் எல்லாரும் அவளை ஊதாக்கா என்றுதான் கூப்பிடுவோம். பெற்றவர்கள் வைத்த பேர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருக்கிறது. வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நகக்கண் வரை ஊதா. கையுறை போடச் சொல்லிப் பெரிய டாக்டர் தொண்டை வறளக் கத்தியிருக்கிறார். போடுவாள். ஸ்லைடு வழுக்குகிறது என்று அந்த இரண்டு விரலுக்கு மட்டும் நுனியைக் கத்தரித்துவிடுவாள். "மிச்ச மூணு விரல் என்ன பாவம் பண்ணுச்சு, அதையும் கத்தரிச்சிடுங்களேன்" என்று நான் கேட்டால், "உன் சட்டியைப் பார்" என்பாள்.

சட்டி என்று அவள் சொன்னது என் பிழைப்பை. அடுத்த அறையில் நான் கிருமிகளுக்குச் சமைக்கிறேன். கடல்பாசித் தூளையும் இறைச்சிச் சாற்றையும் கொதிக்கவைத்து, வட்டத் தட்டில் ஊற்றி உறையவைப்பேன். நோயாளியின் சளியோ சீழோ அதில் தடவப்பட்டால் கிருமி சுகமாகச் சாப்பிட்டு வளரும். உலகத்தில் யார் யாருக்கோ சமைத்துப் போட்டுப் புண்ணியம் தேடுகிறார்கள், எனக்கு வாய்த்தது இது. அதனால் என் பேர் கஞ்சி. லேபின் தண்ணீரும் என் பொறுப்புதான். ஆவியாக்கிக் குளிரவைத்துச் சொட்டுச் சொட்டாக வடித்தெடுக்கும் சுத்தத் தண்ணீர், பெரிய கேனில் நிரப்பி அவள் மேசைக்குப் போக வேண்டும். இந்தத் தண்ணீரைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன், சொல்லாமல் முடியாது.

பதினேழு வருஷம் பக்கத்து மேசையில் இருந்ததில் அவள் வேலை எனக்குப் பாதி மனப்பாடம். கிருமி எதுவானாலும் உள்ளே ஒரு மெல்லிய சவ்வு உண்டு. எண்ணெய்ப் பசையான சவ்வு, எது உள்ளே வரலாம், எது வெளியே போகலாம் என்று பார்த்துக்கொள்ளும். அதற்கு வெளியே பெரும்பாலானவற்றுக்குச் சுவர் இருக்கும். அந்தச் சுவரில்தான் ஊதாக்காவின் வித்தை. கண்ணாடித் துண்டில் கிருமியைக் காயவைத்து ஊதாச் சாயம் ஊற்றுவாள், அயோடின் ஊற்றி அதை இறுக்குவாள், பிறகு ஆல்கஹாலால் கழுவுவாள், கடைசியில் சிவப்பு. தடித்த சுவர் உள்ளவை ஊதாவை விடவே விடாது. மெல்லிய சுவருக்கு மேலே இன்னொரு சவ்வைப் போர்த்திக்கொண்டு திரிபவை ஆல்கஹால் பட்டதும் ஊதாவைக் கைவிட்டுச் சிவப்பை வாங்கிக்கொள்ளும். ஆல்கஹால் இரண்டு நொடி கூடுதலாக நின்றால் தடித்தவையும் மனசு மாறிவிடும். அந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் அவளுக்குக் காது கேட்காது.

ஈஸ்ட், பூஞ்சை வகையறாவுக்குச் சுவர் வேறு மாதிரி, நண்டு ஓட்டில் இருக்கும் அதே சரக்கும் அதில் கலந்திருக்குமாம். சுவரே இல்லாத கிருமிகளும் உண்டு. வெறும் சவ்வோடு நெளிந்துகொண்டிருக்கும். சுவரை உடைக்கிற மருந்தை அவற்றுக்குக் கொடுத்துப் பிரயோஜனமில்லை, உடைக்க என்ன இருக்கிறது. "அது நீதான்" என்று என்னைச் சொல்வாள். மனசில் வந்தது அப்படியே வாயில் வந்துவிடுகிறதாம். இருக்கட்டுமே. அவளைப் போல எல்லாவற்றையும் உள்ளே போட்டுப் பூட்டிக்கொண்டு, கேட்டால் "ஒண்ணுமில்லையே" என்று சொல்ல எனக்கு வராது.

பிறகு காசநோய்க் கிருமி. அதன் சுவரில் மெழுகு. சாதாரணச் சாயம் ஒட்டாது. சிவப்புச் சாயத்தை ஊற்றி, ஸ்லைடுக்கு அடியில் தீ காட்டி, ஆவி பறக்கும்போது மெழுகு இளகிச் சாயம் உள்ளே போகும். போனபின் அமிலம் ஊற்றினாலும் வெளியே வராது. பின்னணிக்கு நீலம். நீலத்துக்கு நடுவே மெல்லிய சிவப்புக் குச்சி தெரிந்தால் அதுதான். அதைத் தேடி மைக்ரோஸ்கோப்பில் நூறு இடம் பார்க்க வேண்டும்.

அவள் புருஷன் கப்பலில் இன்ஜின் அறை வேலை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். ஒன்பது பத்து மாதம் கடலில், இரண்டு மாதம் வீட்டில். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் நானும் அவளும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். மொத்தத்தில் நாலு வருஷம்கூடச் சேர்ந்து இருந்ததில்லை. "நாலு வருஷத்துப் பொண்டாட்டி, இன்னும் புதுசுதான்" என்று நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள், பிறகு டப்பாவை மூடிவிட்டாள். சாப்பாடு பாதி அப்படியே இருந்தது.

என் வீட்டுக்காரர் கதை தலைகீழ். முட்டி வலி என்று சீக்கிரமே வேலையை விட்டுவிட்டு இருபத்துநாலு மணி நேரமும் வீட்டில். எந்த டப்பா எங்கே என்று என்னைவிட அவருக்குத் தெரியும், அதில் இரண்டு நாள் முன்னால் எவ்வளவு இருந்தது என்பதும் தெரியும். அவரைப் பற்றி நான் புலம்பும்போது ஊதாக்கா கன்னத்தில் கை வைத்துக் கேட்பாள். "அப்புறம் என்ன சொன்னார்?" என்பாள். அவளுக்கு அது சண்டையாகவே படாது. அந்த ஆசையைப் பார்த்து எனக்குப் புலம்பவே கூச்சமாகிவிடும்.

"இருங்கன்னு சொல்ல வேண்டியதுதானே" என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன்.

"ஒரு தடவை சொன்னேன். பொண்ணு பிறந்தப்ப."

"என்ன சொன்னார்?"

"இந்த ஒரு தடவை போயிட்டு வந்துடறேன்னார்."

அந்தப் பெண் இப்போது வேறு ஊரில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படிக்கிறாள். அக்கா மறுபடி கேட்கவில்லை. கேட்டு, அவர் மாட்டேன் என்று சொல்லிவிட்டால் அதை எங்கே வைத்துக்கொள்வது என்றாள்.

இந்தத் தடவை அவர் விடுப்பு முடிந்து கிளம்ப இன்னும் ஒன்பது நாள் இருந்தது. கப்பலேறும் முன் வழக்கமாகச் செய்யும் பரிசோதனையில் நெஞ்சுப் படத்தில் ஒரு நிழல் தெரிந்தது. பழைய தழும்பாக இருக்கலாம், எதற்கும் சளியைப் பார்த்துவிடுங்கள் என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். சளி எங்கள் லேபுக்குத்தான் வந்தது. காசநோய் மேசையில் அவளைத் தவிர ஆள் கிடையாது. மூடி போட்ட சின்னக் கோப்பையில் அவள் கையாலேயே நோயாளி எண்ணை எழுதி ஒட்டினாள்.

இப்போது தண்ணீர் விஷயம். அதற்கு முந்தின நாள், திங்கட்கிழமை, என் வடிக்கும் இயந்திரத்தின் சூடேற்றி எரிந்துபோனது. மாற்றித் தர இரண்டு நாளாகும் என்று பொருட்கிடங்கில் சொன்னார்கள். சொன்னவனை நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. கேனோ காலி. குழாய்த் தண்ணீரைப் பிடித்து, இருபது நிமிஷம் கொதிகொதியென்று கொதிக்கவைத்து, ஆறவைத்து, அவள் மேசையில் நிரப்பி வைத்தேன். என் வேலையில் சூடுதான் சாமி. கொதித்த தண்ணீரில் எது பிழைக்கும்? அவளிடம் சொல்ல வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணி இருக்கும். "கஞ்சி, இங்க வாயேன்" என்றாள்.

குரல் ஒரு மாதிரி இருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு போனேன். எழுந்து எனக்கு இடம் விட்டாள். குனிந்து பார்த்தேன். நீலமாக இருந்தது. நடுவே கொஞ்சம் வளைந்த ஒரு சிவப்புக் குச்சி.

"நூறு இடத்துல நாலு இருக்கு" என்றாள்.

"யாரோடது?"

"அவரோடது."

அழப்போகிறாள் என்று நினைத்து அவள் தோளைப் பிடித்தேன். முகத்தைப் பார்த்தால் அழுகை இல்லை. மழைக்காகப் பள்ளிக்கூடம் லீவு என்று அறிவித்ததும் பிள்ளைகள் முகம் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

"கப்பல்ல ஏத்த மாட்டாங்க. ஆறு மாசம் மருந்து. ஆறு மாசம் வீட்டுல இருப்பார், கஞ்சி." கொஞ்சம் நிறுத்தினாள். "குணமாகிற நோய்தானே? மாத்திரையை ஒழுங்காப் போட்டா குணமாகிடும்தானே?"

"ஆகிடும்க்கா."

"எனக்குச் சந்தோஷமா இருக்குது. கட்டின புருஷனுக்கு நோய்னு பாத்துட்டு ஒருத்திக்குச் சந்தோஷம் வருமா? நான் என்ன ஜென்மம்?"

பதினேழு வருஷத்தில் அவள் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை நான் கேட்டதில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அவள் குடிக்காமல் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள். திரும்பி வந்ததும் கேட்டேன்.

"என்ன சொன்னார்?"

"அப்படியான்னார். சாயங்காலம் சீக்கிரம் வான்னார்."

நாலைந்து குச்சி மட்டும் தெரிந்தால் அந்த ரிப்போர்ட்டை உடனே அனுப்பக் கூடாது, மறுநாள் சளியையும் பார்த்து உறுதி செய்ய வேண்டும் என்பது லேபின் விதி. அதனால் தாள் அவள் மேசையிலேயே இருந்தது.

புதன்கிழமை காலையில் சூடேற்றி வந்தது. மிச்சமிருந்த குழாய்த் தண்ணீரைக் கொட்டச் சட்டியைத் தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் சமையல் திறமையைப் பற்றி நான் பீற்றிக்கொண்டபோது ஊதாக்கா சொன்ன ஒரு விஷயம் அப்போதுதான் மூளைக்கு எட்டியது. குழாய்த் தண்ணீரிலும் காசநோய்க் கிருமிக்குப் பங்காளி முறையில் சில கிருமிகள் இருக்கும். ஆளைக் கொல்லாது, ஆனால் அதே மெழுகுச் சுவர். கொதிக்கவைத்தால் கிருமி செத்துவிடும், சுவர் அப்படியே நிற்கும். செத்த கிருமியும் சிவப்பைப் பிடிக்கும். அதனால்தான் கழுவும் தண்ணீர் வடித்ததாக இருக்க வேண்டும். நானோ கொதிக்கவைத்த பெருமையில் அந்தத் தண்ணீராலேயே அவள் ஸ்லைடைக் கழுவவிட்டிருக்கிறேன்.

சட்டியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தேன். மறைக்க நினைத்தது உண்மை. ஆறு மாதம் அவள் புருஷனோடு இருப்பாள். அவர் நாலு வகை மாத்திரையை வீணாக விழுங்குவார், ஈரல் கெடலாம், சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், கப்பல் கம்பெனி அவர் பேரை அடித்துவிடும். இதையெல்லாம் ஒரு பக்கம் வைத்தால் மறுபக்கம் நேற்றுப் பார்த்த அந்த முகம். ஆனால் என்னால் எதை உள்ளே வைக்க முடிந்திருக்கிறது? நேரே போய் அவள் பின்னால் நின்றேன்.

"அக்கா, கழுவற தண்ணி வடிச்சது இல்லை. குழாயில பிடிச்சுக் கொதிக்கவச்சது. மெஷின் எரிஞ்சு போச்சு. சொல்லலை."

அவள் மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும்" என்றாள்.

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லலை. சளியோட செல்லு தெளிவாத் தெரியறப்ப குச்சி மங்கலா இருக்குது. குச்சியைத் தெளிவாக்கினா செல்லு மங்கிப்போகுது. ரெண்டும் ஒரே மட்டத்துல இல்லை. குச்சி சளிக்குள்ள இல்லை, மேல வந்து ஒட்டியிருக்கு. வேற ரெண்டு பேரோட ஸ்லைடுலயும் ஒண்ணு ரெண்டு கிடக்குது."

"இது எப்பத் தெரிஞ்சுது?"

"முதல் குச்சியைப் பாத்தப்பவே. ஆனாலும் கொஞ்ச நேரம் நிஜம்னே நம்பிப் பாத்தேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் தப்பு அது பாட்டுக்கு ஒரு மூலையில் கிடக்க, அவளைப் பிடித்து விளாசினேன். தெரிந்துகொண்டே அவருக்குப் போன் பண்ணியிருக்கிறீர்களே, அந்த மனுஷன் ராத்திரி முழுக்க என்ன பாடுபட்டிருப்பார், உங்களுக்கு அறிவிருக்கிறதா என்று கேட்டேன். முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"ஒரே ஒரு சாயங்காலம் வேணும்னு இருந்துச்சு" என்றாள். "நான் போறப்போ பெட்டியிலேர்ந்து சட்டையெல்லாம் எடுத்து அலமாரியில மாட்டிட்டிருந்தார். எப்பவும் பெட்டியில வச்சே எடுத்துப் போடுவார், உனக்குத் தெரியாது. அப்புறம் வீட்டைச் சுத்திச் சுத்திப் பாத்தார். சமையலறை ஜன்னல் சரியா மூடலையேன்னார். அது பத்து வருஷமா மூடறதில்லை. நாளைக்குச் சரி பண்றேன்னார். நீ தினமும் எத்தனை மணிக்குச் சாப்பிடுவன்னு கேட்டார். எங்கிட்ட அதை யாரும் கேட்டதில்லை."

என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஸ்டூலை இழுத்து உட்கார்ந்துவிட்டேன்.

"நீ வந்து சொல்லலைன்னாலும் இன்னைக்கு நானே மாத்தியிருப்பேன்" என்றாள். "பொய்யை எழுதி அவரைக் கட்டிப்போட்டா, ஆறு மாசமும் அவர் மாத்திரை முழுங்கறதை நான் பாத்துட்டு உக்காந்திருக்கணும். போ, நல்ல தண்ணி கொண்டா."

என் இயந்திரம் சூடாகிச் சொட்டத் தொடங்க மத்தியானமாகும். ஓட்டமாக ஓடி, தெருமுனை பேட்டரிக் கடையில் வண்டி பேட்டரிக்கு ஊற்றும் வடித்த தண்ணீர் ஐந்து லிட்டர் வாங்கி வந்தேன். ஃப்ரிட்ஜில் இருந்த நேற்றைய சளியையும், அன்று காலை அவர் கொடுத்தனுப்பிய இரண்டாவது சளியையும், சந்தேகப்பட்ட மற்ற இருவருடையதையும் புதிய ஸ்லைடில் தடவினாள். சாயம், தீ, அமிலம், நீலம். கை எப்போதும் போலவே ஓடியது. நான்தான் பக்கத்தில் நின்று நகத்தைக் கடித்தேன். எல்லாமே சுத்தம். ஒரு குச்சி இல்லை. பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதுத் தாளில் 'கிருமி காணப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

பன்னிரண்டரைக்கு அவர் வந்தார். அவரை நான் அதற்கு முன் மூன்று நாலு தடவைதான் பார்த்திருக்கிறேன். கருத்து, கட்டையாக, நின்றால் காலை அகட்டி நிற்பவர். சட்டையில் கோந்தும் மரத்தூளும் ஒட்டியிருந்தன. ஜன்னலைப் பிரித்துப் போட்டுவிட்டு நேரே வந்திருக்கிறார். அவள் வெளியே போய்த் தாளைக் கொடுத்தாள். நான் கதவருகில் நின்றேன், நகரவில்லை.

படித்தார். "இல்லையா?"

"இல்லீங்க. அது தண்ணியில இருந்த வேற பாக்டீரியா. அதுக்கும் மெழுகுச் சுவர், அதனால சிவப்பா நின்னுடுச்சு. உங்களுக்கு ஒண்ணும் இல்லை."

"தப்பு என்னோடதுண்ணா" என்றேன் நான். "தண்ணி நான் வச்சது."

"அவளோடது இல்லை" என்றாள் ஊதாக்கா. "எனக்கு நேத்தே தெரியும். தெரிஞ்சுதான் உங்களுக்குப் போன் பண்ணினேன்."

எந்த ஆம்பளையாக இருந்தாலும் இங்கே எகிறுவான். அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் காலி. மறுபடி முன்பக்கம் பார்த்தார்.

"இன்னொரு தடவை பாரேன்" என்றார்.

"ரெண்டு சளியும் பாத்தாச்சுங்க. ரெண்டும் சுத்தமா இருக்கு."

"சரி. இருந்தாலும் இன்னொரு தடவை பாரு."

அவளுக்கு முதலில் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. பிறகு அவளுக்கும் புரிந்தது, முகம் கோணிக்கொண்டு போனது. உள்ளே போய் மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார்ந்தாள். அவர் வெளி பெஞ்சில் உட்கார்ந்தார்.

என் வாய் சும்மா இருக்குமா? "இருக்கணும்னா இருங்களேண்ணா. அதுக்குக் காசநோய் வந்தாகணுமா?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கையிலிருந்த கோந்தை உரித்துக்கொண்டே பேசினார். "அங்க ஒருத்தன் பதினோரு மாசமா இறங்காம இருக்கான், தங்கச்சி. நான் ஏறினாத்தான் அவன் இறங்க முடியும். அவனுக்கும் வீட்டுல ஆள் இருக்கு. நானா முடிவு பண்ணி வரலைன்னு சொல்ல ஒவ்வொரு தடவையும் வாய் வர மாட்டேங்குது. நோய்னா, அது நான் சொல்றது இல்லையே."

உள்ளே போனேன். நூறு இடம் பார்க்க அவளுக்குப் பத்து நிமிஷம் போதும். அன்று முக்கால் மணி நேரமாகியும் எழுந்திருக்கவில்லை. கண் வைக்கும் கண்ணாடி ஈரமானதும் அதை மெல்லிய தாளால் துடைத்துவிட்டுத் திரும்பவும் குனிந்தாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரே ஒரு குச்சியாவது இருக்கக் கூடாதா என்று நானும் வேண்டிக்கொண்டுதான் நின்றேன்.

"நூறு முடிஞ்சுதாக்கா?"

"முந்நூறு பாத்துட்டேன்."

"இருக்கா?"

தலையை ஆட்டினாள், இல்லை என்று. ஸ்லைடை எடுத்து அதன் பெட்டியில் வைத்து மூடினாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். வெளியே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இல்லீங்க" என்றாள்.

"சரி" என்றார்.

இரண்டு பேரும் அந்தப் பெஞ்சை விட்டு எழுந்திருக்க ரொம்ப நேரமாயிற்று. அடுத்த வாரம் வியாழக்கிழமை அவர் கப்பலேறினார்.